பழைய டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயரைத் தண்ணீரில் இறக்கலாமா?

ஏரிக்கரையான் (கோவென்ட்ரி), அக்டோபர் 4

எல்லோருக்கும் வணக்கம். எட்டு மாதமாக மனதில் வைத்திருந்ததை இன்று எழுதிவிடுகிறேன். என்னிடம் 1968 ஆம் ஆண்டின் டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் மார்க் 3 என்ற திறந்த சிறு கார் ஒன்று இருக்கிறது. இதே ஊரில், கான்லி தொழிற்சாலையில் பிறந்த வண்டி. ஒரு தோட்டத்தில் தார்ப்பாய்க்கு அடியில் பல வருடம் கிடந்ததை, கிட்டத்தட்ட இரும்பு விலைக்கு வாங்கினேன். தரைத்தகடு இரண்டு பக்கமும் துருப்பிடித்து உதிர்ந்துவிட்டது. ஆனால் எஞ்சின் ஓடுகிறது, கியர்பெட்டி நன்றாக இருக்கிறது, சேசிஸைச் சுத்தியலால் தட்டிப் பார்த்தால் கணீரென்று ஒலிக்கிறது.

இதை நிலத்திலும் நீரிலும் போகும் வண்டியாக மாற்ற ஆசைப்படுகிறேன். ஏன் இந்த வண்டி என்றால், அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. உலகில் பொதுமக்களுக்கென்று ஓரளவு எண்ணிக்கையில் கட்டி விற்கப்பட்ட நீர்நிலக் கார் ஆம்ஃபிகார் 770. ஹான்ஸ் டிரிப்பல் வடிவமைத்து, 1961 முதல் மேற்கு ஜெர்மனியில் செய்தார்கள். மொத்தம் 3,878 வண்டிகள். அதற்குள் இருந்தது பிரிட்டிஷ் எஞ்சின்: டிரையம்ஃப் ஹெரால்டின் 1147 சிசி. முதல் ஸ்பிட்ஃபயர்களிலும் அதே 1147தான். என் வண்டியில் இருக்கும் 1296 சிசி அதன் தம்பி. அந்தக் குடும்பத்து எஞ்சின் ஏற்கெனவே ஏரியைப் பார்த்திருக்கிறது என்ற நினைப்புதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது.

இப்போதைக்கு என் திட்டம் இது: கதவுகளுக்கு ரப்பர் விளிம்பு, அடியில் முழுக்க ஃபைபர் பூச்சு, கியர்பெட்டியிலிருந்து ஒரு ஷாஃப்ட் எடுத்துப் பின்னால் புரொப்பெல்லர். எங்கே தப்பு என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


பழையவண்டி (லண்டன்), அக்டோபர் 4

தம்பி, கோபப்படாதீர்கள். எனக்கு இதைப் படிக்கும்போது வயிற்றைப் பிசைகிறது. இத்தாலிய வடிவமைப்பாளர் மிக்கெலொட்டி வரைந்த உடல் அது. அந்த முன்மூடி முழுசாக முன்பக்கம் கவிழ்ந்து திறக்கும் அழகை வேறு எந்த வண்டியில் பார்க்க முடியும்? தரைத்தகடு போய்விட்டதா, புதுத் தகடு கிடைக்கிறது. வெல்டிங் தெரிந்தவர் கையில் கொடுத்தால் ஒரு குளிர்காலத்தில் எழுந்துவிடும். நான் இரண்டு வண்டிகளை அப்படி எழுப்பியிருக்கிறேன். தண்ணீரில் இறக்கிய பழைய கார் திரும்பக் காராக வருவதில்லை.


ஏரிக்கரையான், அக்டோபர் 5

அண்ணா, கோபமே இல்லை. நீங்கள் சொல்வது எனக்கும் உறுத்துகிறது. ஆனால் ஸ்பிட்ஃபயர் 3,14,000க்கும் மேல் செய்திருக்கிறார்கள், அவற்றில் நல்ல வண்டிகள் இன்னும் நிறைய ஓடுகின்றன. என்னுடையது பாகங்களுக்காகக் கழற்றப்பட இருந்தது. ஒரு உறுதி தருகிறேன்: சேசிஸை வெட்ட மாட்டேன். இந்த வண்டியில் உடல் தனி, சேசிஸ் தனி. போல்ட்டைக் கழற்றினால் உடலை மேலே தூக்கிவிடலாம். ஆகவே நான் செய்வதை இன்னொருவர் பின்னாளில் கழற்றிவிட்டுப் பழையபடி ஆக்கவும் முடியும்.


வாசன்_தொராண்டோ, அக்டோபர் 5

ஒஹையோவில் கிராண்ட் லேக் செயின்ட் மேரிஸ் என்றொரு பெரிய ஏரி இருக்கிறது. அதன் கரையில் செலினா என்ற சின்ன ஊர். கோடையில் அங்கே ஆம்ஃபிகார்காரர்கள் கூடுவார்கள். இரண்டு வருடம் முன்பு குடும்பத்தோடு போயிருந்தேன். ஒரு பெரியவர் எங்களை ஏற்றிக்கொண்டு போனார்.

சாய்தளத்தில் இறங்கும்போது என் மகள் கத்தினாள், நானும் கத்தினேன். மூக்கு தண்ணீரில் முட்டி, ஒரு அலை முன்மூடி மேல் ஏறி வழிந்து, அடுத்த நொடி வண்டி மிதந்தது. அமெரிக்க அதிபர் ஜான்சன் தன் டெக்சாஸ் பண்ணையில், "பிரேக் பிடிக்கவில்லை" என்று சொல்லி விருந்தாளிகளை இப்படித்தான் ஏரிக்குள் இறக்கிப் பயமுறுத்துவாராம். அந்தப் பயம் எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும் இப்போது.

உங்களுக்கு உதவக்கூடியதைச் சொல்கிறேன். கதவில் இரண்டு கைப்பிடி இருக்கிறது. சாதாரணக் கைப்பிடியால் கதவைச் சாத்திவிட்டு, இன்னொரு நெம்புகோலை இழுத்து ரப்பர் மேல் இறுக்க வேண்டும். தனிச் சுக்கான் கிடையாது, முன்சக்கரங்களே சுக்கான். அதனால் திரும்புவது ரொம்ப மெதுவாக நடக்கிறது. பெயரில் உள்ள 770க்குப் பொருள், நீரில் 7 நாட் (மணிக்குச் சுமார் 13 கிலோமீட்டர்), நிலத்தில் மணிக்கு 70 மைல். அப்புறம் பெரியவர் சொன்னது: தண்ணீரை விட்டு வந்தபின் 13 இடங்களில் கிரீஸ் அடிக்க வேண்டும், அதில் ஓர் இடத்துக்குப் பின் இருக்கையையே கழற்ற வேண்டும். "காரை வாங்கினேன் என்று நினைத்தேன். கிரீஸ் துப்பாக்கிக்கு வேலை வாங்கியிருக்கிறேன்" என்றார்.


கயல் (கப்பல் வடிவமைப்பு), அக்டோபர் 6

முதலில் கணக்கு. ஸ்பிட்ஃபயரின் நீளம் 3.68 மீட்டர், அகலம் 1.45 மீட்டர். வண்டி எடை சுமார் 720 கிலோ. அடியில் வரும் நீர்புகாத் தொட்டிக்கும் மிதவைப் பொருளுக்கும் 120, நீரில் தள்ளும் தனி எஞ்சினுக்கும் எரிபொருளுக்கும் 50, இரண்டு ஆட்கள் 160. மொத்தம் 1,050 கிலோ. அப்படியென்றால் 1,050 லிட்டர் தண்ணீரை வண்டி ஒதுக்க வேண்டும். நீள அகலத்தைப் பெருக்கினால் 5.3 சதுர மீட்டர், ஆனால் சக்கரக் குழிகளும் வளைந்த முனைகளும் போக உண்மையில் உதவுவது 3.6 என்று வைக்கிறேன். வகுத்தால் சுமார் 30 செ.மீ. அவ்வளவுதான் அமிழும். மிதப்பது கஷ்டமே இல்லை. காற்று அடைத்த எந்தப் பெட்டியும் மிதக்கும். 2008 இல் ஜெனீவா கண்காட்சியில் ரின்ஸ்பீட் நிறுவனம் லோட்டஸ் எலீஸை நீருக்குள் மூழ்கும் காராக மாற்றிக் காட்டியபோது, அதைத் திறந்த வண்டியாகவே விட்டார்கள். மூடிய அறையாகக் கட்டியிருந்தால் அதை அமிழ்த்தவே இரண்டு டன் எடை கூடுதலாக ஏற்ற வேண்டியிருந்திருக்கும்.

ஆனால் 30 செ.மீ. எங்கே வருகிறது என்று பாருங்கள். தரையிலிருந்து தொட்டியின் அடி 15 செ.மீ. உயரம் என்றால், நீர்க்கோடு 45 செ.மீ. உயரத்தில். கதவின் கீழ்விளிம்பு அதற்குக் கீழே இருக்கும். ரப்பர் விளிம்பை நம்பாதீர்கள், கதவுகளை வெல்டிங் செய்து மூடிவிடுங்கள். 2003 இல் வந்த கிப்ஸ் அக்வாடா என்ற நீர்நிலக் காருக்குக் கதவே கிடையாது, விளிம்பைத் தாண்டித்தான் ஏறி உட்கார வேண்டும்.

அடுத்தது வேகம். நீரில் போகும் எதுவும் தன் நீளத்துக்கு ஏற்ற அலையைத் தானே எழுப்பி அதற்குள் சிக்கிக்கொள்ளும். 3.7 மீட்டர் நீளத்துக்கு அந்த எல்லை ஏறத்தாழ 4.7 நாட், அதாவது மணிக்கு 8.7 கிலோமீட்டர். அதைத் தாண்ட வேண்டுமானால் அலை மேல் ஏறிச் சறுக்க வேண்டும். அக்வாடா அதற்காகத்தான் சக்கரங்களை உள்ளே மடித்துக்கொள்கிறது, 175 குதிரைத்திறனை, நீரைப் பின்னால் பீய்ச்சும் ஜெட்டுக்குக் கொடுக்கிறது. பிரிட்டிஷ் தொழிலதிபர் ரிச்சர்ட் பிரான்சன் 2004 ஜூனில் அதில் ஆங்கிலக் கால்வாயை 1 மணி 40 நிமிடத்தில் கடந்தார். தொங்கும் சக்கரங்களோடு நீங்கள் அந்தப் பக்கம் போகவே வேண்டாம். மணிக்கு 7 கிலோமீட்டர் போதும் என்று முடிவு செய்தால் வேலை பாதியாகிவிடும், 75 குதிரைத்திறன் கொண்ட கார் எஞ்சினைப் புரொப்பெல்லரோடு இணைக்க வேண்டிய தேவையே இருக்காது.


கியர்பெட்டி (கோயம்புத்தூர்), அக்டோபர் 6

அக்கா, ஒரு சந்தேகம். இரண்டாம் உலகப் போரின் ஃபோக்ஸ்வாகன் ஷ்விம்வாகன் என்ற நீர்நில வண்டியில் புரொப்பெல்லரைக் கீழே இறக்கி எஞ்சின் முனையோடு நேராகக் கோத்துவிடுவார்களாமே, அது எளிதில்லையா? என்னிடம் ஒரு பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு இருக்கிறது, இங்கே நானும் செய்யலாமா?


பழையவண்டி, அக்டோபர் 7

ஷ்விம்வாகனில் எஞ்சின் பின்னால் இருந்ததால் அது முடிந்தது. ஸ்பிட்ஃபயரிலும் ஹெரால்டிலும் எஞ்சின் முன்னால். மேலும் அந்தப் புரொப்பெல்லர் முன்னோக்கி மட்டும்தான் தள்ளும், பின்னால் வரச் சக்கரத்தைச் சுழற்ற வேண்டும் அல்லது துடுப்புப் போட வேண்டும்.

இந்தியாவில் செய்வது பற்றி: மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52 இருக்கிறது. பதிவுச் சான்றில் உள்ள விவரம் தயாரிப்பாளர் சொன்னதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 இல் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்தமாகச் சொல்லிவிட்டது. சாலையில் ஓட்ட முடியாது தம்பி. ஹெரால்டை ஹெரால்டாகவே வைத்துக்கொள்ளுங்கள். சென்னையில் செய்த வண்டி அது, அதற்கே ஒரு மரியாதை உண்டு.


அணியம் (நாகப்பட்டினம்), அக்டோபர் 9

முப்பது வருடமாகப் படகு கட்டுகிறேன். முதலில் மரம், சுனாமிக்குப் பிறகு பெரும்பாலும் ஃபைபர். கார் எனக்குத் தெரியாது. ஓட்டை தெரியும்.

தம்பி சொன்ன திட்டத்தில் நீர்க்கோட்டுக்குக் கீழே எத்தனை ஓட்டை என்று எண்ணிப் பார்த்தேன். பின்சக்கர ஷாஃப்ட் இரண்டு. அவை சுற்றுவதோடு மேலும் கீழும் ஆடும். ஸ்டீயரிங் கம்பி இரண்டு. புரொப்பெல்லர் ஷாஃப்ட் ஒன்று. கதவு இரண்டு. பிரேக் குழாய், கேபிள் எல்லாம் தனி. அடியில் பூச்சு மட்டும் போட்டால் துருத் தகட்டின் மேல் ஃபைபர் ஒட்டாது, ஒரு வருடத்தில் தோல் உரிகிற மாதிரி உரிந்து வரும்.

நான் செய்தால் இப்படிச் செய்வேன். உடலைச் சேசிஸிலிருந்து தூக்குங்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு முழுத் தொட்டி, தனியாக அச்சு எடுத்து வார்த்தது, உட்காரட்டும். சஸ்பென்ஷன், பின் டிஃபரன்ஷியல் (பின்சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி), சக்கர ஷாஃப்ட் எல்லாம் தொட்டிக்கு வெளியே நனையட்டும். நனைந்தால் துரு வரும், மூழ்காது. எஞ்சினும் கியர்பெட்டியும் தொட்டிக்குள். எஞ்சின் தாங்கிகள் தொட்டியை ஊடுருவும் இடத்தில் மேலும் கீழும் இரும்புத் தகடு வைத்து நடுவில் ரப்பர் கொடுத்து இறுக்கினால் அது ஆடாத ஓட்டை. ஆடாத ஓட்டைக்கு நான் பயப்பட மாட்டேன். அப்படிச் செய்தால் சுற்றும் ஓட்டை இரண்டே இரண்டு: கியர்பெட்டியிலிருந்து பின்னால் போகும் ஷாஃப்ட் ஒன்று, ஸ்டீயரிங் தண்டு ஒன்று. பிரேக் குழாய்களை நீர்க்கோட்டுக்கு மேலே ஏற்றிக் கொண்டுபோய் இறக்குங்கள். சைலன்சர் வாயும் மேலே ஏற வேண்டும். இல்லையென்றால் எஞ்சின் நின்று சூடு ஆறும்போது தண்ணீர் உள்ளே ஏறும்.

தள்ளுவதற்கு ஒரு ஓ.பி.எம்., அதாவது படகின் பின்னால் வெளியே மாட்டும் மோட்டார், போதும். பத்துக் குதிரைத்திறன், நாற்பது கிலோ, பின்பக்கம் மாட்டுங்கள். திருப்பலாம், பின்னால் வரலாம், வேண்டாத நாளில் கழற்றி வைக்கலாம். உங்கள் கார் எஞ்சின் முன்னால் கனமாக இருப்பதால் பின்னால் அந்த நாற்பது கிலோ இருப்பதும் நல்லதே. அணியம், அதாவது முன்பகுதி, அமிழ்ந்த படகு ஓடாது.

அடியில் மூன்று அடுக்கு ஃபைபர் மேட் போதாது. கல்லில் உரசும் இடம், சாய்தளத்தில் முதலில் முட்டும் இடம் இரண்டிலும் ஆறு அடுக்கு கொடுங்கள். நடுவே நீளவாக்கில், படகின் அடியில் ஓடும் ஏராக்கட்டை போல ஒரு வரம்பு வைத்து வார்த்தால் நேராகப் போகும்.


ஏரிக்கரையான், அக்டோபர் 9

ஐயா, இதை மூன்று முறை படித்தேன். ஏழு ஓட்டை இரண்டாகும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. ஓ.பி.எம். முடிவாகிவிட்டது. நீரில் கார் எஞ்சின் நின்றிருப்பதால் ரேடியேட்டருக்குக் காற்று எங்கிருந்து வரும் என்ற கவலையும் போய்விட்டது.

இன்னொரு யோசனை. இங்கே மழை எப்போது வருமென்று சொல்ல முடியாது. ஸ்பிட்ஃபயருக்குக் கடினமான மேற்கூரை ஒன்று உண்டு, போல்ட் போட்டு மாட்டுவது. மலிவாக ஒன்று வருகிறது. அதையும் மாட்டிவிட்டால் அலை தெறித்தாலும் உள்ளே வராது அல்லவா?


கயல், அக்டோபர் 10

கூரை வேண்டாம். தயவுசெய்து வேண்டாம். இதைக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

போரின்போது அமெரிக்காவில் டி.யூ.கே.டபிள்யூ. (DUKW) என்ற ஆறு சக்கர நீர்நில லாரிகளை 21,000க்கும் மேல் கட்டினார்கள். பிற்காலத்தில் அவற்றில் பலவற்றைச் சுற்றுலாவுக்கு மாற்றினார்கள். 1999 மே 1 அன்று ஆர்கன்சா மாநிலத்தின் ஹாட் ஸ்பிரிங்ஸ் அருகே ஹாமில்டன் ஏரியில் அப்படியொரு வண்டி இறங்கிச் சில நிமிடங்களில் மூழ்கியது. 13 பேர் இறந்தார்கள். விசாரணையில் தெரிந்த காரணம், ஷாஃப்டைச் சுற்றியிருந்த ஒரு ரப்பர் உறை. அதை இறுக்கும் கிளாம்ப் சரியாக இறுக்கப்படவில்லை. தண்ணீர் வந்த வேகத்தைவிட ஆட்களைக் கொன்றது மேலே இருந்த கூரை. நீந்தத் தெரிந்தவர்களும் கூரைக்கு அடியில் மாட்டிக்கொண்டார்கள். உள்ளே தண்ணீர் நிறைந்தாலும் மூழ்காத அளவுக்கு மிதவை வையுங்கள், கூரையை எடுங்கள் என்று தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் அப்போதே சொன்னது. 2018 ஜூலை 19 அன்று மிசௌரியில் டேபிள் ராக் ஏரியில், புயல்காற்றில், இன்னொரு வண்டி மூழ்கியது. 31 பேரில் 17 பேர் போய்விட்டார்கள். அதற்கும் கூரை இருந்தது.

கல்லூரியில் இந்த அறிக்கைகளைப் படித்த வாரம் எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை. ஒரு கிளாம்ப்!

ஆகவே ஏரிக்கரையான், உங்கள் கேள்வியை நான் மாற்றிக் கேட்கிறேன். "தண்ணீர் உள்ளே வராமல் எப்படித் தடுப்பது" என்பது இரண்டாவது கேள்வி. "வந்துவிட்டால் என்ன ஆகும்" என்பதுதான் முதல் கேள்வி.

வந்தால் முதலில் வண்டி சாயும். உங்கள் வண்டியின் நிலைப்பு அளவை (சாய்ந்தால் நிமிரும் திறனைச் சொல்லும் எண்) தோராயமாகப் போட்டேன், 36 செ.மீ. வருகிறது, நல்ல எண். ஆனால் 1.5 மீட்டர் நீளம், 1.2 மீட்டர் அகலமுள்ள தரையில் தண்ணீர் தடையில்லாமல் பரவினால் அதில் 20 செ.மீ. போய்விடும். தண்ணீர் எவ்வளவு ஆழம் என்பது பொருட்டே இல்லை. சாய்ந்த பக்கம் அது ஓடுவதுதான் ஆபத்து. தரையை நீளவாக்கில் இரண்டாகப் பிரித்தால் அந்த இழப்பு நாலில் ஒரு பங்காகிறது, 5 செ.மீ. தான். ஸ்பிட்ஃபயரில் இருக்கைகளுக்கு நடுவே கியர்பெட்டிச் சுரங்கம் ஓடுகிறதே, அதை இரண்டு பக்கமும் நீர் புகாமல் மூடினால் அதுவே தடுப்புச் சுவர். இந்த வண்டியில் எனக்கு மிகவும் பிடித்த பாகம் இப்போது அதுதான்.

அடுத்தது மிதவை. ஆட்கள் இறங்கிவிட்டதாக வைத்தால் 890 கிலோ. இரும்பும் டயரும் தாங்களே ஒதுக்கும் நீர் சுமார் 200 லிட்டர். மீதி 700 லிட்டருக்குக் காற்றோ நுரையோ வேண்டும். மூக்கில் 150, டிக்கியில் 200, மூடிய கதவுகளிலும் பக்கவாட்டுப் பெட்டிகளிலும் 140. இன்னும் 210 லிட்டர் குறைகிறது. அதற்கு இடம் கண்டுபிடிக்கும் வரை யாரையும் ஏற்றாதீர்கள்.


வாசன்_தொராண்டோ, அக்டோபர் 10

210 லிட்டர் என்றதும் ஞாபகம் வந்தது. 2003 ஜூலையில் கியூபாவிலிருந்து 12 பேர் 1951 ஆம் ஆண்டின் ஒரு செவ்ரோலே லாரியில் ஃப்ளோரிடாவுக்குக் கிளம்பினார்கள். லாரியின் ஓட்டும் ஷாஃப்டில் புரொப்பெல்லரை மாட்டி, இருபுறமும் காலி 55 கேலன் டிரம்களைக் கட்டியிருந்தார்கள். பாதி வழிக்கு மேல் வந்துவிட்டார்கள். கடலோரக் காவல்படை பிடித்து, ஆட்களைத் திருப்பி அனுப்பி, லாரியைக் கடலில் மூழ்கடித்தது. அந்த லாரியின் படத்தைப் பார்த்த நாளிலிருந்து எனக்கு அந்த மெக்கானிக்குகள் மேல் பெரிய மரியாதை. ஒரு டிரம் 200 லிட்டருக்குக் கொஞ்சம் மேல். மிதவையை உள்ளே அடைக்க இடம் இல்லையென்றால் வெளியே கட்டலாம் என்பதை அவர்கள் கடலிலேயே செய்து காட்டினார்கள்.


அணியம், அக்டோபர் 11

அந்த அம்மா சொன்னது அத்தனையும் சரி. எங்கள் ஊரில் கடலில் கவிழ்ந்த ஃபைபர் படகைப் பிடித்துக்கொண்டு விடிய விடியக் கிடந்து வந்தவர்கள் இருக்கிறார்கள். உள்ளே நுரை வைத்துக் கட்டியதால் வந்தார்கள்.

ஒன்று கவனம். தெர்மாகோல் வைக்காதீர்கள். பெட்ரோல் பட்டால் கரைந்து கூழாகிவிடும். உங்கள் வண்டியில் பெட்ரோல் டாங்கி டிக்கியில், இருக்கைக்குப் பின்னால் இருக்கிறது என்று தேடிப் பார்த்தேன். சரியாக அங்கேதான் நீங்கள் நுரை வைக்கப் போகிறீர்கள். ஊற்றி உறையும் பாலியூரித்தேன் நுரை கரையாது, ஆனால் இரும்பை ஒட்டி ஊற்றினால் உள்ளே துரு பிடிப்பது தெரியாது. பாலிஎத்திலீன் நுரைக் கட்டிகளை வெட்டி, கழற்றிப் பார்க்கும்படி வையுங்கள்.

இன்னொன்று பெட்ரோல் ஆவி. காரில் அது கீழே ஒழுகிக் காற்றில் போய்விடும். தொட்டியில் போக இடமில்லை, காற்றைவிடக் கனம், அடியில் தங்கும். சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டரில் பொறி. முதலில் விசிறியைப் போட்டு நாலு நிமிடம் ஆவியை வெளியேற்றிவிட்டுத்தான் சாவி.


பழையவண்டி, அக்டோபர் 13

சரி, நீங்கள் செய்யத்தான் போகிறீர்கள் என்று தெரிகிறது. அப்படியென்றால் நன்றாகச் செய்யுங்கள். டிஃபரன்ஷியலுக்கு ஒரு சிறு மூச்சுத்துளை உண்டு. சாலையில் ஓடிச் சூடான டிஃபரன்ஷியல் குளிர்ந்த நீரில் இறங்கினால் உள்ளே காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். எண்ணெய் பால் நிறமாகிவிடும். மூச்சுத்துளையில் ஒரு ரப்பர் குழாயை மாட்டி டிக்கி உயரத்துக்கு ஏற்றுங்கள். பின் பிரேக் டிரம் என்பதால் கரையேறிய உடனே பிடிக்காது. பெடலை லேசாக அழுத்தியபடி நூறு மீட்டர் மெதுவாக ஓட்டி உலர்த்திவிட்டுத்தான் சாலைக்கு வர வேண்டும். என்னிடம் மார்க் 3க்கு ஒரு ஜோடிப் பின் ஹப் இருக்கிறது. அனுப்பி வைக்கிறேன், பணம் வேண்டாம்.


ஏரிக்கரையான், ஜனவரி 18

மூன்று மாதம் கழித்து வருகிறேன். தொட்டி வார்த்தாகிவிட்டது. ஐயா சொன்னபடி அடியில் ஆறு அடுக்கு. குளிரில் ரெசின் உறையவே மாட்டேன் என்றது. முதல் அடுக்கு இரண்டு நாள் கழித்தும் பிசுபிசுத்தது, அதைச் சுரண்டி எடுத்துவிட்டுக் கூடாரம் கட்டி ஹீட்டர் வைத்துத் திரும்பச் செய்தேன். கதவுகள் வெல்டிங் ஆகிவிட்டன. அந்தப் பொறி பறந்தபோது எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது அண்ணா.

குறைந்த 210 லிட்டருக்கு வாசன் சொன்ன டிரம்தான் வழி காட்டியது. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு காற்றுக் குழாய்கள், ரப்பர் படகுக்குப் பயன்படும் துணியில் தைத்தவை. 3 மீட்டர் நீளம், 30 செ.மீ. விட்டம். ஒவ்வொன்றும் 212 லிட்டர். ஒன்று கிழிந்தாலும் கணக்கு நிற்கும். சாலையில் போகும்போது காற்றை இறக்கிச் சுருட்டி வைத்துவிடலாம்.


கியர்பெட்டி, ஜனவரி 19

அண்ணா, கரையேறுவது எப்படி? பின்சக்கர ஓட்டம்தானே. முன்சக்கரம் சாய்தளத்தைத் தொடும்போது பின்சக்கரம் இன்னும் மிதந்துகொண்டிருக்குமே?


கயல், ஜனவரி 19

நல்ல கேள்வி. பின்சக்கரம் தரை தொடும் வரை ஓ.பி.எம். தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். கரைக்கு இருபது மீட்டர் முன்பே விசிறி, கார் எஞ்சின், முதல் கியர். சக்கரமும் புரொப்பெல்லரும் ஒரே நேரத்தில் சுற்ற வேண்டும், ஆம்ஃபிகாரும் அப்படித்தான் ஏறும். பாசி படிந்த சாய்தளமானால் சுழன்றுகொண்டே நிற்கும், ஆகவே முதல் தடவை கயிறும் கரையில் ஒரு வண்டியும் தயாராக இருக்கட்டும்.


ஏரிக்கரையான், ஜூன் 7

நேற்று தண்ணீர் பார்த்தது.

தனியார் மீன்பிடி ஏரி ஒன்று, உரிமையாளரிடம் அனுமதி வாங்கிவிட்டேன். கயல் அக்கா சொன்னதால் யாரும் ஏறவில்லை. இரண்டு இருக்கையிலும் எண்பது கிலோ எண்பது கிலோவாக மணல் மூட்டை கட்டி, கயிற்றில் பிடித்தபடி இறக்கினோம். சக்கரங்கள் தரையை விட்ட நொடியில் கயிறு கையில் லேசாகிவிட்டது. அதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. அரை நூற்றாண்டுக்கு மேல் சாலைக்கு மட்டும் சொந்தமாக இருந்த வண்டி, ஒரு குழந்தை தொட்டிலில் திரும்பிப் படுப்பது போல மெதுவாக அசைந்து நின்றது. என் மனைவி அழுதுவிட்டாள்.

அமிழ்ந்த அளவு 32 செ.மீ., கணக்கு சொன்னது 30. ஒரு மணி நேரத்தில் உள்ளே வந்த தண்ணீர் 4 லிட்டர், முழுக்க ஸ்டீயரிங் தண்டு வழியாக. கியர்பெட்டி ஷாஃப்ட் சீலில் ஒரு சொட்டு இல்லை.

பிறகு மூட்டைகளை எடுத்துவிட்டு, முக்கியமான சோதனை. ஏரித் தண்ணீரையே பம்ப் வைத்து உள்ளே நிரப்பினோம். பாட்டரியும் கார்புரேட்டரும் முன்பே கழற்றியாகிவிட்டது. 200 லிட்டர் வரை நேராகவே நின்றது. சுரங்கத்தின் இரண்டு பக்கமும் தண்ணீர் தனித்தனியாக நிற்பதைக் கண்ணால் பார்த்தோம். ஓரத்தில் நானே தொங்கிப் பார்த்தேன், சாய்ந்து திரும்ப எழுந்தது. முழுக்க நிரம்பியபோது கதவின் மேல்விளிம்பு பின்னால் நீருக்கு மேலே 11 செ.மீ., முன்னால் வெறும் 2. மூழ்கவில்லை. இருபது நிமிடம் அப்படியே விட்டோம். ஆனால் மூக்கு தாழ்ந்திருக்கிறது, எஞ்சின் எடை இழுக்கிறது.


அணியம், ஜூன் 7

மனசு நிறைந்தது தம்பி. அணியத்தில் இன்னும் அறுபது லிட்டர் வையுங்கள், ரேடியேட்டருக்கு முன்னால் இடம் இருக்கும். காற்றுக் குழாய்களையும் ஒரு முழம் முன்னே தள்ளிக் கட்டுங்கள். ஸ்டீயரிங் தண்டின் ரப்பர் உறைக்கு ஒரு கிளாம்ப் போட்டிருப்பீர்கள், இரண்டாகப் போடுங்கள். அடுத்த தடவை நிரப்பி இருபது நிமிடம் வேண்டாம், ஓர் இரவு முழுக்க விட்டுப் பாருங்கள். அது விடியும்வரை நின்றால் ஏறி உட்காரலாம்.


ஏரிக்கரையான், ஜூன் 8

சரி ஐயா. இரண்டாவது கிளாம்ப் இன்று காலையே மாட்டிவிட்டேன். இரண்டு சனிக்கிழமை கழித்து இரவு முழுக்க ஏரிக்கரையில் இருக்கப் போகிறோம். பழையவண்டி அண்ணனும் லண்டனிலிருந்து வருகிறார்.